மணல் இருந்த கோடை

சித்திரை பிறந்தால் எங்கள் கடற்கரை அகலமாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் சேர்ந்து கரையை வெட்டிக்கொண்டு போகும். அலை வந்து வலைக் கொட்டகையின் காலைத் தொடும். தை, மாசியில் கடல் அடங்கும். பங்குனியில் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை எங்கள் பக்கம் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெண்டித் தண்ணீர் பிடித்துவிட்டால், போன மணல் மெல்ல ஏறிவரும். பள்ளிக்கூடம் மூடுகிற வாரத்தில், வீட்டு வாசலிலிருந்து அலைக்கு ஓடிப் போனால் மூச்சு வாங்கும் அளவுக்குக் கரை விரிந்து கிடக்கும்.

புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடலோரமாக ஊர்கள் வரிசையாக வரும். நான் பிறந்த குப்பம் அந்த வரிசையில் ஒன்று. 1980களில் நான் அங்கே சிறுமி. இப்போது என் தம்பியின் பிள்ளைகள் அதே ஊரில் வளர்கிறார்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. கோடையில் போய் அவர்களோடு தங்கிவிட்டு வருவது என் வழக்கம். அப்படிப் போய்ப் போய் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. எங்கள் அம்மாக்கள் பிள்ளை வளர்த்தது வீட்டில் இல்லை, மணலில். வீடு சமைக்கவும் மழைக்கு ஒதுங்கவும்தான். மற்ற எல்லாமே வெளியே நடந்தது. கடலரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை வீடு இடிந்தது, எத்தனை தென்னை சாய்ந்தது, எத்தனை படகு உடைந்தது என்று எழுதுகிறார்கள். பிள்ளை வளர்க்கிற இடம் போனதை யாரும் கணக்கில் எடுத்து நான் பார்க்கவில்லை.

அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

விடிவதற்கு முன்பே கட்டுமரங்கள் போய்விடும். எட்டு, ஒன்பது மணிக்கு அவை கரை ஏறும்போது ஊரில் பாதிப் பெண்கள் கரையில் இருப்பார்கள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு. ஏலம் முடிந்ததும் மீனை அன்னக்கூடையில் அடுக்கிக்கொண்டு அம்மா புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை பிள்ளைகள் ஆயாக்களின் பொறுப்பு. என் ஆயா ஒருத்தி இல்லை. அன்று யாரெல்லாம் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ அத்தனை பேரும் ஆயாதான். எல்லோருக்கும் பார்வை இருக்கும். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போகிறது என்பதை அந்த வெட்டவெளியில் யாரும் எழுந்திருக்காமலே பார்க்கலாம். காக்கையை விரட்டும் கோல் ஒன்று கையில் இருக்கும். அலைப்பக்கம் நகரும் பிள்ளையைத் திருப்பிவிடவும் அதே கோல்தான்.

தவழும் பிள்ளைக்கு மணலைவிட நல்ல தரை இல்லை. விழுந்தால் அடிபடாது. ஈரமானால் தானே காயும். பத்து மாதப் பிள்ளைக்கு ஆயா இடுப்பளவு குழி ஒன்று தோண்டுவார். அதில் பிள்ளையை இறக்கி நிற்கவைத்தால் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும், உட்காரும், மறுபடி எழும். கையில் ஒரு சிப்பியைக் கொடுத்துவிட்டால் போதும். ஆயா பக்கத்திலேயே நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருப்பார். கால் உறுதிப்பட்டது அப்படித்தான் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள்; எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. தூங்கும் பிள்ளைக்குப் பூவரச மரத்தில் தூளி. ஒரு கிளையில் இரண்டு, மூன்று சேலைகள் தொங்கும். கடல்காற்று எழுந்தபிறகு யாரும் ஆட்ட வேண்டியதில்லை.

நடக்கிற பிள்ளைகளுக்கு வேலை நிறைய இருந்தது. அலை பின்வாங்கும் ஈரத்தில் மட்டி தோண்டுவது. வளைக்குள் ஓடும் நண்டை வளைவாசலிலேயே மறிப்பது. கரைவலை இழுக்கும் நாளில் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பது. அந்தக் குரலுக்காகவே ஒரு கை பொடிமீன் கிடைக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா அதை மட்டும் தனியாகப் பொரித்துக் கொடுப்பார், இது நீ சம்பாதித்தது என்று சொல்லி.

நீச்சலை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டுமரம் கட்டுகிற மரங்கள் கேரளத்துப் பக்கமிருந்து லாரியில் வரும், கனமில்லாத மரங்கள். பழசாகி நீர் குடித்துப்போன மரத்தைக் கழித்துவிடுவார்கள். கழித்த துண்டு பையன்களுக்கு. நான்கு வயதில் அதன்மேல் குப்புறப் படுத்து ஆழமில்லாத இடத்தில் மிதப்பான். ஐந்து வயதில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவான். ஏழு வயதில் மரம் வேண்டியதில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த நேரத்தில் இறங்கலாம், இரண்டு அலைக்கு நடுவே எவ்வளவு அவகாசம் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிந்துவிடும். பின்னால் கடலுக்குப் போகும் வயதில் அப்பா அவனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது குறைவாகவே இருந்தது.

பையன்களுக்கு என்று சொன்னேன். பெண் பிள்ளைகளுக்கு அந்த மரத்துண்டு கிடையாது. முழங்கால் தண்ணீர்வரை எங்களுக்கு அனுமதி, அதுவும் எட்டு வயதுவரை. அதற்குமேல் எங்கள் இடுப்பில் ஒரு பிள்ளை ஏறிவிடும். இதைச் சொல்லாமல் அந்தக் கோடையை நான் புகழ்ந்து எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆயாக்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றால், அவர்களின் கைகளாக ஓடியது நாங்கள்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண்கள் பலர் நான்காம் வகுப்புக்குள் நின்றுவிட்டார்கள். வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்திருக்கும். கோடை விடுமுறையில் தூக்க ஆரம்பித்த தம்பியை ஜூன் மாதம் இறக்கி வைக்க ஆள் இருக்காது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்து பால்வாடியில் சோறு போட்ட பிறகு இது கொஞ்சம் மாறியது. சின்னதைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் பெரியவள் பள்ளிக்குப் போக வழி பிறந்தது. நான் படித்தது அந்த வழியில்.

இன்னொன்றும் உண்டு. மணல் எங்கள் முற்றம் மட்டுமில்லை, ஊரின் கழிப்பிடமும் அதுதான். தெற்கே ஆண்களுக்கு, வடக்கே பெண்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாலும் காற்றுக்கும் ஈக்கும் எல்லை ஏது? கோடை வந்தால் வயிற்றுப்போக்கு வரும். சிரங்கு வரும். தட்டம்மை ஒரு வீட்டில் நுழைந்தால் தெரு முழுக்கச் சுற்றும். வேப்பிலையைச் செருகிவிட்டு, அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லிக் குளிரக் குளிரக் கூழ் கொடுப்பார்கள். எல்லாப் பிள்ளையும் எழுந்துவிடவில்லை. என் சித்தியின் முதல் பிள்ளை அப்படி ஒரு வைகாசியில் போனது. நாடு முழுவதற்குமான தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ஊசி சேர்ந்தது 1985இல். சித்தியின் பிள்ளைக்கு அது வந்து சேரவில்லை. இன்று என் தம்பி பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு தேதியும் தவறியதில்லை. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தியின் நினைவு வரும்.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, கொஞ்சம் மட்டும். காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. பல் முளைத்த பிள்ளைக்கு முதலில் கொடுக்கிற மீன் கிழங்கான், ஆவியில் வேகவைத்து முள் நீக்கி, சோற்றோடு மசித்து. பால் கொடுக்கிற அம்மாவுக்குப் பால்சுறாப் புட்டு. மதியத்துக்கு மேல் மேற்கே செம்மண் மேட்டு முந்திரித் தோப்புகளுக்குப் போய்ப் பழம் பொறுக்கிவருவோம். சட்டையில் பட்ட கறை சட்டை கிழியும்வரை போகாது. நுங்கு சீவிய பின் ஓட்டில் மிஞ்சும் நீரை ஆயா வீணாக்க மாட்டார். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு மேல் தடவிவிடுவார். குழந்தை சிலிர்த்துக்கொண்டு சிரிக்கும்.

குடிதண்ணீர்கூட மணலில்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இரண்டு முழம் தோண்டினால் ஊறும். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு இனிப்பான தண்ணீர். பெய்த மழையை மணல்மேடு தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரின்மேல் ஓர் அடுக்காக மிதக்கவிட்டிருந்தது. மேடு இருந்தவரை அது இருந்தது.

வெயிலைத் தாங்குவதற்கும் ஒரு முறை இருந்தது. பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும். பனைமட்டையைக் காலடியில் போட்டுப் போட்டு மாற்றிக்கொண்டு நிழலுக்கு ஓடுவோம். பிறகு எல்லோரும் காத்திருப்பது கடல்காற்றுக்கு. தரை காய்ந்து அதன்மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, கடலின்மேல் குளிர்ந்து கிடக்கும் காற்று கரைக்குள் புகுகிறது. பன்னிரண்டு, ஒரு மணிக்கு அது வந்துவிட்டால் அழுகிற பிள்ளை அடங்கிவிடும். வைகாசிக் கடைசியில் மேற்கிலிருந்து கோடைக்காற்று ஓங்கி அடித்தால் கடல்காற்று கரைக்குள் வர முடியாமல் தாமதிக்கும். அந்த நாட்கள்தான் கொடுமை. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்று எங்கள் ஊரிலும் வீட்டுக்குள் யாரும் நிற்கவில்லை. பிள்ளைகளை அலையோரம் ஈரமணலில் கிடத்தி மேலே பாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் ஊரே கரையில் படுக்கும். கிழிந்த வலையை அடுக்கி அதன்மேல் சேலை விரித்துக் குழந்தைக்குப் படுக்கை. கிழக்கே விடிவெள்ளி முளைக்கும்போது ஆண்கள் எழுந்து எங்களைத் தாண்டித் தாண்டிக் கட்டுமரத்தடிக்குப் போவார்கள்.

மணல் போனது எப்படி என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலின் மேல் பழிபோடுவது எளிதாகிவிட்டது.

எங்கள் கடற்கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். நடுவில் குறுக்கே ஒன்றைக் கட்டினால் அதன் தெற்கே மணல் குவியும், வடக்கே பட்டினி. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரியின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். தடைபடும் மணலை அள்ளி வடக்கே தள்ளுகிற ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. முதலில் புதுச்சேரி நகரத்தின் கடற்கரை போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் சுவர் இருக்கும் இடத்தில் அலை மணலைத் தங்கவிடாது. அரிப்பு சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே நகரும். அங்கேயும் கல் கொட்டினால் இன்னும் வடக்கே. இப்படி ஊர் ஊராக நகர்ந்து அது எங்கள் குப்பத்துக்கு வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. எங்களுக்கு அது முதலில் ஒரு கோடையாகத் தெரிந்தது. சித்திரை வந்தது, தெண்டியும் பிடித்தது, மணல் மட்டும் ஏறவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி எங்கள் பக்கம் நாகப்பட்டினம் அளவுக்குக் கொன்று குவிக்கவில்லை. ஆனால் அன்று பிள்ளையைக் கையிலிருந்து தவறவிட்டு மறுபடி பிடித்த அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதற்குப் பிறகு பிள்ளையைக் கடல் பக்கம் விடவே இல்லை. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன, கட்டுமரங்கள் மறைந்தன. கழித்துப்போடும் மரத்துண்டு கரையில் இல்லாமல் போனது. அலையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களில் பலருக்குத் தள்ளி உள்ளே கான்கிரீட் வீடு கிடைத்தது. எஞ்சியிருந்த பூவரசையும் முந்திரியையும் 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் முறித்துப் போட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கதைதான். ஆனால் ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே விஷயம்: வாசலைத் தாண்டினால் போக இடமில்லை.

இன்று தம்பி வீட்டு வாசலில் தார்ச்சாலை. அதைத் தாண்டினால் ஆள் உயரக் கருங்கற்கள். கல்மேல் பாசி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பிள்ளை விழுகிற அளவு இடுக்கு. அதன்மேல் அலை வந்து மோதும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். சின்னவனுக்குத் தெரிந்த முதல் சொற்களில் ஒன்று “கல்லு, வேணாம்”. கடலிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் வளர்கிற பிள்ளை, கடலில் கால் வைத்ததில்லை.

தம்பி மனைவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எட்டு வயதில் யாரையும் இடுப்பில் தூக்காமல் வளர்ந்தவள். அந்த மாற்றம் எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டில் குழாய் உண்டு, கழிப்பறை உண்டு, கேஸ் அடுப்பு உண்டு. ஊற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டதால் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். என் அம்மாவுக்கு இருந்த கஷ்டங்களில் பாதி இவளுக்கு இல்லை. அப்படியிருந்தும் மே மாதத்தில் அவள் முகத்தில் ஒரு களைப்பு இருக்கும். ஒருநாள் மதியம், மின்சாரம் போய்ப் பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டிருந்தபோது சொன்னாள்: “மூணு ரூமு இருக்கு அண்ணி. புள்ளைய எறக்கிவுட எடம் இல்ல.”

நான் அதன்பிறகு அந்த வீட்டைப் பார்த்த விதமே மாறிவிட்டது. டைல்ஸ் தரையில் தவழ்ந்த சின்னவன் மோவாயில் அடிபட்ட தழும்பு இருக்கிறது. கதவைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து வண்டிகள் வேகமாக வருகின்றன. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவு முழுக்க அதைக் கக்குகிறது. இரவில் வெளியே படுக்க இடமில்லை. எங்கள் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வரப் பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்கவே இல்லை. கரையில் விட்டார், அவ்வளவுதான். இவள் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் பக்கத்து வீட்டில் கேட்டு, அவர்களுக்கு வேலை இருக்கிறதா என்று பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊரே சேர்ந்து பார்த்த வேலை ஒரே ஒருத்தியின் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கைக்கு உதவியாக இருப்பது செல்போன் ஒன்றுதான். பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கிறாள் என்று அவளைக் குறை சொல்பவர்கள், ஒரு மே மாதம் முழுக்க அந்த மூன்று அறைக்குள் இருந்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆயாக்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். என் அம்மா இன்னும் மீன் விற்கிறார். படகுகள் துறைமுகத்துக்குப் போய்விட்டதால் ஏலமும் அங்கேதான். விடியற்காலை ஷேர் ஆட்டோவில் போனால் மதியம் தாண்டித்தான் வருவார். மற்ற கிழவிகள் அவரவர் வீட்டில் அவரவர் பேரப்பிள்ளையோடு, தனித்தனிக் கதவுகளுக்குப் பின்னால்.

இன்றைய கோடையில் புதிதாக வந்த ஒன்று உண்டு. அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

2001இலிருந்து எங்கள் கிழக்குக் கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகளுக்குத் தடை. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. ஏறக்குறைய பள்ளி விடுமுறையோடு பொருந்திப்போகிறது. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரமாகப் போய்வரலாம். விசைப்படகில் வேலை செய்கிற என் தம்பி போன்றவர்கள் போக முடியாது. மற்ற மாதங்களில் ஒரு முறை போனால் பல நாள் கழித்துத்தான் வருவான். வந்தால் தூக்கம். சின்னவன் அவனைக் கண்டு அழுத நாள் உண்டு. தடைக்காலத்தில் அதே பிள்ளை அவன் தோளைவிட்டு இறங்குவதில்லை.

எங்கள் அப்பா பிள்ளைகளைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. மடியில் உட்காரவைத்து மீனில் முள் எடுத்துக் கொடுப்பார், அதுதான் கொஞ்சல். தம்பி குளிப்பாட்டுகிறான். சோறு ஊட்டுகிறான். வலை பின்னித் தேய்ந்த விரல்களால் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறான். அந்தப் பின்னல் சாயங்காலம்வரை ஒரு முடிகூடப் பிரியாது. ஊர் ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள், இப்போது அவர்களும் செய்கிறார்கள். தடை கொண்டுவந்தவர்கள் மீனின் முட்டையை நினைத்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தார்கள்.

காசுதான் இடிக்கிறது. தமிழக அரசு தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இரண்டு மாத வாடகை, பால், கேன் தண்ணீர், முன்பணமாக வாங்கிய கடன், ஜூனில் பள்ளிச் செலவு. இரண்டாவது மாதத்தில் தம்பியின் பேச்சு குறைந்துவிடும். அவன் கூலிக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் நாட்களில் வீடு மறுபடி தம்பி மனைவியின் தலையில்.

கல் கொட்டுவதற்கு எதிராக ஊரில் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அலை சுவரைத் தட்டும் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள், கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்தால் அதில் தப்பில்லை. ஆனால் மணல் திரும்ப முடியாத ஒன்று இல்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு முக்கோண எஃகுத் திட்டை இறக்கியது. அது அலையின் வேகத்தை உடைத்தது. அதுவரை கருங்கல் மட்டுமே இருந்த கரையில் மணல் சேர்ந்தது. பிறகு வந்த கோடையில் நகரத்துப் பிள்ளைகள் வாளியும் கரண்டியுமாக அதில் உட்கார்ந்திருந்ததை நானே நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்கும்போது, இடிந்த வீட்டுக் கணக்கோடு, பூட்டிய கதவுக்குப் பின்னால் மே மாதத்தைக் கழிக்கிற பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு இரண்டு கல் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் வெளியூர் வண்டிகள் அதை நிரப்பிவிடும். போன தடைக்காலத்தில் தம்பியும் இன்னும் சில அப்பாக்களும் வார நாட்களில் விடியற்காலை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பில் வலைக்கயிறு, கயிற்றில் தெர்மாகோல் மிதவை. கழித்துப்போட்ட மரத்துண்டுக்குப் பதில் அது. ஊரில் முதல் தடவையாகப் பெண் பிள்ளைகளும் இறங்கினார்கள். என் அம்மா முதல்நாள் சத்தம்போட்டார், பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு என்று. மூன்றாம் நாள் அவரே மேட்டில் வந்து உட்கார்ந்து, மருமகளைக் கூப்பிட்டுச் சின்னவனையும் வாங்கி மணலில் விட்டார். நாலைந்து நாளில் இன்னும் இரண்டு ஆயாக்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மூத்தவள் மிதக்கக் கற்றுக்கொண்டாள், கையை வீசவும் கற்றுக்கொண்டாள். உடைகிற அலைக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுவது மட்டும் பாக்கி. அதற்குள் ஜூன் 14 வந்துவிட்டது. தம்பி படகுக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “மீதிய யாரு அண்ணி சொல்லிக்குடுப்பாங்க?”

எனக்கும் நீச்சல் தெரியாது. சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

“அடுத்த தடைக்காலத்துக்கு நானும் எறங்கறேன்” என்றாள். “அவருகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வாங்க அண்ணி.”